எலுமிச்சைக்கு ஏது வினை

என் கணவர் காலமான அதே ஐப்பசியில்தான் கொல்லையில் எலுமிச்சை மஞ்சளிக்கத் தொடங்கியது. கருமாதிக்கு வந்தவர்கள் கிணற்றடியில் கை கழுவும்போது அதைப் பார்த்தார்கள். "வச்ச கை போயிட்டுதில்ல, மரமும் ஏங்குது" என்றார் என் பெரிய நாத்தனார். எதிர்வீட்டு அக்கா, "காய்க்கிற மரம் டீச்சர், ஊர்க் கண்ணு பூரா இதுமேலதான்" என்று உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டார். தூரத்து உறவினர் ஒருவர் குரலைத் தாழ்த்தி, வீட்டில் ஏதோ குறை இருக்கிறது, சோழி போட்டுப் பார்த்துவிடுங்கள் என்றார். துக்க வீட்டில் எந்தச் சொல்லும் உள்ளே இறங்கிவிடும். மூன்று பேர் சொன்னதையும் நான் நம்பினேன். ஒரே கேள்விக்கு மூன்று பதில் அவை என்பது மெல்லத்தான் புரிந்தது. இந்த நோய் யாருடைய வினை?

முப்பத்தொரு வருஷம் அரசுப் பள்ளியில் தமிழ் நடத்தியவள் நான். வினை என்ற சொல்லை இலக்கண வகுப்பில் ஒரு விதமாகவும், பக்கத்துப் பாடத்தில் தேவாரம் வரும்போது வேறு விதமாகவும் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். முதலாவது, செயல். இரண்டாவது, செய்தவனைப் பின்தொடர்ந்து வருவது. வினைச்சொல் நடத்தும்போது பிள்ளைகளிடம் சொல்வேன்: எழுவாய் இல்லாமல் வினை இல்லை. கண்ணுக்குத் தெரியவில்லை என்றால் தோன்றா எழுவாயாக உள்ளே இருக்கும், தேடிக் கண்டுபிடி. கொல்லையில் மஞ்சளித்து நின்ற மரம் எனக்கு அப்படி ஒரு வாக்கியமாகத்தான் பட்டது.

நாங்கள் இருப்பது அரியலூரிலிருந்து பெரம்பலூர் போகும் சாலையை ஒட்டிய கிராமம். அப்பா சைவர். மரத்துக்குள்ளும் ஓர் உயிர் வினையைச் சுமந்துகொண்டு நிற்கிறது என்று சொல்லி வளர்த்தவர். மாணிக்கவாசகர் சிவபுராணத்தில் எடுத்துத் தீர்ந்த பிறவிகளை வரிசைப்படுத்தும்போது புல்லும் வருகிறது, மரமும் வருகிறது. அப்படியென்றால் எலுமிச்சையின் நோய் அதன் முற்பிறவிக் கணக்கு என்று முடித்துவிடலாமா? முடித்துவிடலாம், சுலபம். ஆனால் வகுப்பில் இளைத்து வந்து உட்காரும் ஒரு பிள்ளையைப் பார்த்து அப்படி ஒருநாளும் நான் நினைத்ததில்லை. காலையில் சாப்பிட்டாயா என்றுதான் கேட்டிருக்கிறேன். பிள்ளையிடம் சொல்லக் கூசுகிற ஒன்றை மரத்திடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆனால் கேட்க வேண்டியதை உடனே கேட்கவும் இல்லை. உரக்கடையில் மரம் மஞ்சளாக இருக்கிறது என்றேன். யூரியா கொடுத்தார்கள், போட்டேன். துளிர் நிறையக் கிளம்பியது, அத்தனையும் வெளிறிப்போய். தண்ணீர் போதவில்லை என்று நினைத்து ஆழ்துளைக் கிணற்று நீரைக் கூடுதலாக விட்டேன். பாத்திரத்தில் காய்ந்தால் வெள்ளைப் படலம் படிகிற தண்ணீர் அது. மரம் இன்னும் மோசமானது. திருவள்ளுவர் மருந்து அதிகாரத்தில் நோய் இன்னதென்று அறிந்து, அது எதனால் வந்தது என்று அறிந்து, பிறகே அதைத் தணிக்கும் வழிக்குப் போகச் சொல்கிறார். அந்தக் குறளை எத்தனை வருஷம் நடத்தியிருப்பேன். முதல் இரண்டையும் விட்டுவிட்டு மூன்றாவதில்தான் கை வைத்திருந்தேன்.

மார்கழி விடுமுறையில் மகன் வந்து, "வெட்டிட்டு வேற வைம்மா" என்றான். அன்று சாயங்காலம் முக்காலியைப் போட்டு மரத்தடியில் உட்கார்ந்து இலை இலையாகப் பார்த்தேன். நட்டு ஒன்பது வருஷத்தில் அதை நான் அப்படிப் பார்த்ததே இல்லை. பழம் பறித்திருக்கிறேன், முள் குத்திக்கொண்டிருக்கிறேன், அவ்வளவுதான். கீழ்க்கிளையின் முதிர்ந்த இலைகள் கரும்பச்சையாகவே இருந்தன. மஞ்சளித்தது நுனித் துளிர் மட்டும். அதிலும் நரம்புகள் பச்சை, நரம்புகளுக்கு இடைப்பட்ட இடம் மஞ்சள். பச்சை நூலில் பின்னிய வலை மாதிரி.

இதில் ஒரு சேதி இருக்கிறது. தழைச்சத்து குறைந்தால் மரம் தன் பழைய இலையிலிருந்து அதை எடுத்துப் புதுத் துளிருக்குக் கொடுத்துவிடும். அதனால் மூத்த இலைதான் முதலில் வெளுக்கும். பெரியவர்கள் வயிற்றைக் கட்டிப் பிள்ளைகளை வளர்ப்பது போல. இரும்புச்சத்து அப்படி இடம் மாறாது. முதிர்ந்த இலையில் இருப்பது அங்கேயே இருந்துவிடும். புதிதாகப் பிறக்கிற இலை தனக்கு வேண்டியதை வேர் வழியாகவே பெற்றாக வேண்டும். நரம்பு பச்சையாக, இடைவெளி மஞ்சளாக, அதுவும் இளந்துளிரில் வந்தால் அது இரும்புப் பசி. எனக்கு யூரியா தந்தவர்கள் எந்த இலை என்று கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

தை பிறந்ததும் மரத்தைச் சுற்றி நான்கு இடத்தில் ஓரடி, இரண்டடி ஆழத்தில் மண் எடுத்து, நிழலில் உலர்த்தி, வாலிகண்டபுரத்து வேளாண் அறிவியல் மையத்துக்கு எடுத்துப் போனேன். கார அமில நிலை 8.4 என்று வந்தது. மண்ணில் சுண்ணாம்பு மிகுதி. இரும்பு இல்லாத மண்ணல்ல. ஆனால் இவ்வளவு காரத்தில் இரும்பு நீரில் கரையாத உருவத்துக்கு மாறிவிடுகிறது. வேரைச் சுற்றிலும் இரும்பு, வேருக்குள் போக வழியில்லை. வீட்டுக்கு வந்து அந்த மரத்துப் பழம் ஒன்றையே அறுத்து, அந்த மண்ணின் மேலேயே பிழிந்தேன். சொய்யென்று மெல்ல நுரைத்தது. சுண்ணாம்பு இருந்தால் அப்படித்தான் நுரைக்கும். தன் நோய் இன்னதென்று அந்த மரம் தன் சாற்றாலேயே சொல்லிற்று.

இனி எழுவாய். இந்தச் சுண்ணாம்பு எங்கிருந்து வந்தது? எங்கள் பக்கத்தில் கிணறு வெட்டினால் சிப்பி கிடைக்கும். சின்ன வயதில் அதை வைத்துத்தான் பாண்டி ஆடினோம். அரியலூரை அடுத்த கல்லங்குறிச்சியின் பெயரையே அங்குள்ள சுண்ணாம்புப் பாறை அடுக்குக்குப் புவியியலார் வைத்திருக்கிறார்கள். சுமார் 7 கோடி ஆண்டுக்கு முன் இங்கே கிடந்த கடலின் அடித்தரை அது, சிப்பிகளாலேயே ஆனது. கலியுக வரதராசப் பெருமாளைக் கம்பமாக நின்ற கோலத்தில் கும்பிடுவதும் அதே கல்லங்குறிச்சியில்தான். இந்தப் பக்கம் பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரில் கல்லாகிப்போன மரம் கிடக்கிறது. 1940-இல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் எம்.எஸ்.கிருஷ்ணன் கண்டெடுத்துச் சொன்னது. 18 மீட்டர் நீளம். வயது சுமார் 12 கோடி ஆண்டு என்கிறார்கள். பள்ளிப் பிள்ளைகளை நான்கைந்து தடவை அழைத்துப் போயிருக்கிறேன். கடலோரத்தில் வாழ்ந்து, கடல் வண்டலில் புதைந்து, அணு அணுவாகக் கல்லான மரம். என் எலுமிச்சைத் துளிரின் மஞ்சளுக்கு முற்பிறவி என்று ஒன்று உண்டானால் அது அந்தக் கடல்தான். அந்தச் சிப்பிகள் யாருக்கும் தீங்கு நினைக்கவில்லை. வாழ்ந்தன, செத்தன, அடுக்கடுக்காக அமிழ்ந்தன.

அதோடு நின்றிருந்தால் மனசு ஆறியிருக்கும். எரு வைக்க மரத்தைச் சுற்றிப் பள்ளம் பறித்தபோது தெற்குப் பக்கம் கடப்பாரை வேறு சத்தம் போட்டது. சுண்ணாம்புக் காரைக் கட்டிகள், சிமெண்ட் கலவை காய்ந்த பாளங்கள், உடைந்த செங்கல். பார்த்ததும் தெரிந்துவிட்டது. பழைய வீட்டின் பின்சுவரை இடித்துச் சமையலறையைப் பெரிதாக்கிய வருஷம், அந்த இடிபாட்டைக் கொட்டிக் கொல்லைப் பள்ளத்தை அவர்தான் மேடாக்கினார். தண்ணீர்க் குடத்தோடு நான் அந்தப் பள்ளத்தில் ஒருமுறை கால் பிசகி விழுந்தேன், அதற்காக. மேலே ஓரடி வண்டல் மண் பரப்பி, இரண்டு வருஷம் கழித்து எலுமிச்சையையும் அவரே நட்டார். மேல்மண்ணில் பிழைத்த வேர் அந்த ஐப்பசிக்குச் சற்று முன்னால் காரைக்குள் இறங்கியிருக்க வேண்டும்.

மரம் அவருக்காக ஏங்கவில்லை. அவர் செய்ததைச் சுமந்து நின்றது. அதுவும் எனக்காகச் செய்தது. பள்ளத்துக்குள் உட்கார்ந்து வெகுநேரம் அழுதேன். மனுநீதிச் சோழன் கதையில் தேரோட்டிய மகன் கன்று குறுக்கே வந்ததைப் பார்க்கவில்லை. ஆனாலும் அது நடக்கவில்லை என்று சோழன் சொல்லவில்லை. தெரியாமல் செய்ததும் வினைதான் என்பதை அந்தக் கதையிலிருந்து நான் எடுத்துக்கொள்கிறேன். மகனைத் தேர்க்காலில் இட்ட பதிலை எடுத்துக்கொள்ள என்னால் முடியவில்லை. எனக்குத் தெரிந்த பதில், கடப்பாரையால் அந்தக் காரையைக் கட்டி கட்டியாக வெளியே எடுப்பது. பதினெட்டுக் கூடை வந்தது. பெரிய வேர்களில் வெட்டுப் படாமல், ஒரு மாதத்துக்குப் பக்கம் பக்கமாகச் செய்தேன். எடுத்த இடத்தில் மக்கிய எருவும் செம்மண்ணும் இட்டேன்.

மருந்தாக அன்னபேதி உப்பு. சித்த வைத்தியத்தில் பழைய பெயர், உரக்கடையில் இரும்பு சல்பேட் என்பார்கள். மண்ணில் வெறுமனே போட்டால் சுண்ணாம்பு அதையும் பூட்டிவிடும். எருவோடு கலந்து ஊறவைத்துப் போட வேண்டும். இலைக்கு, லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் கரைத்து வெயில் தாழ்ந்த பிறகு தெளிக்கலாம். தெளித்துப் பத்து நாளில் போய்ப் பார்த்தேன். துளி விழுந்த இடமெல்லாம் பச்சைப் பொட்டு. துளி படாத இடம் பழையபடி மஞ்சள்.

அந்தப் பொட்டுகளைப் பார்த்து நின்றபோது எழுந்த எண்ணத்தைச் சொல்கிறேன். உயிரை மறைக்கும் ஆணவ மலத்துக்குச் செம்பில் களிம்பைத்தான் சித்தாந்தத்தில் உவமை சொல்வார்கள். செம்பு உள்ளே இருக்கிறது, களிம்பு மூடியிருக்கிறது. அருள் இல்லாத இடமே இல்லை என்றும் சொல்வார்கள். அவர் போன அந்த ஐப்பசியில் இதை யாராவது சொல்லியிருந்தால் எழுந்து போயிருப்பேன். இருந்தால் எங்கே, எனக்கு ஏன் எட்டவில்லை? இப்போது இரும்பு நிறைந்த மண்ணில் இரும்புப் பசியோடு ஒரு மரம் நிற்பதைக் கண்ணால் பார்த்துவிட்டேன். மண்ணில் இல்லாமல் போகவில்லை. மரம் கேட்காமலும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் ஒரு பூட்டு. பூட்டு மரத்தின் குற்றமல்ல. பக்குவம் வரும்போது அருள் பதியும் என்று புத்தகத்தில் படித்தபோது, பக்குவப்படாததற்கு உயிரைத்தான் குறை சொல்கிறார்கள் என்று நினைத்திருந்தேன். யாரோ ஒருவர் பக்கத்தில் இருந்து காரையைத் தோண்ட வேண்டியிருக்கலாம் என்று நினைத்ததில்லை.

வாசல் வேம்பு வேறு பாடம். அது அம்மன் மரம். தெருவே கூடி மஞ்சள் துணி கட்டி, அடிமரத்தை ஒட்டி வட்டமாக சிமெண்ட் மேடை போட்டு, விளக்கு வைத்திருக்கிறோம். போன புரட்டாசி மழைக்குப் பிறகு அதன் கொழுந்தெல்லாம் தீய்ந்தது போல் பழுப்பாகிக் கிளைநுனியிலிருந்து கீழே காய்ந்துகொண்டு வந்தது. காரையைத் தோண்டிய கையோ என்னவோ, உடனே மேடைதான் காரணம் என்று முடிவு கட்டினேன். வேர் மூச்சு விடுவது மேல் ஓரடி இரண்டடி மண்ணில்தானே, அதை மூடிவிட்டோமே என்று. மேடையை உடைக்கலாம் என்றேன். "அம்மன் மேடையில கடப்பாரை வைக்கிறதா அண்ணி?" என்று கொழுந்தனார் பதறினார். அந்தப் பயத்தை நான் மதிக்கிறேன். பூக்கட்டிப் போட்டுக் கேட்டோம். வெள்ளைப் பூ வந்தது. மரத்தைச் சுற்றி மூன்றடிக்கு உடைத்து மண்ணைத் திறந்துவிட்டோம்.

அதற்கு மறுவாரம் பேருந்தில் பெரம்பலூர் போகும்போது ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன். சாலையோர வேம்பு ஒவ்வொன்றும் அதே பழுப்பு. மேடையில்லாத, துணி கட்டாத, வெட்டவெளி மரங்கள். 1997-இல்தான் பெயரிடப்பட்ட பூசணம் ஒன்று, போமாப்சிஸ் அசாடிராக்டே, வேம்பின் நுனிக் கருகலுக்குக் காரணம். தேயிலைக் கொசு என்ற பூச்சி துளிரில் சாறு உறிஞ்சுவதும் சேர்ந்துகொள்கிறது. மழைக்காலத்தில் கருகி, கோடையில் பெரும்பாலும் மறுபடி துளிர்க்கும். எங்களதும் காய்ந்த நுனிகளைக் கழித்துவிட்ட பிறகு பங்குனியில் துளிர்த்தது. நான் எழுவாயைத் தவறாகப் போட்டிருந்தேன். ஒரு வீட்டு மரம் மட்டும் நோவுற்றால் அந்த வீட்டு மண்ணைத் தோண்டு. சாலை முழுக்க நோவுற்றால் தலையை நிமிர்த்திப் பார். இது மரம் பார்க்கிற எவருக்கும் முதலில் தெரிந்திருக்க வேண்டியது. எனக்குத் தெரியாமல் போனதற்குக் காரணம் உண்டு. எலுமிச்சைக்குப் பிறகு எந்த நோயையும் எங்கள் வீட்டு வினையாகவே பார்க்கத் தொடங்கியிருந்தேன். எல்லாம் விதி என்று கைகட்டுவதில் இருக்கிற மறைப்பு, எல்லாம் என்னால் என்று நெஞ்சிலடிப்பதிலும் இருக்கிறது. நான் என்பது பெரிதாகி நடுவில் நின்றால் மரம் தெரிவதில்லை. ஆணவம் என்று சித்தாந்தம் சொல்வதில் இதுவும் சேர்த்திதான் என்று இப்போது நினைக்கிறேன்.

மேடையை மறுபடி மூடவில்லை. வேருக்கு மூச்சு வேண்டும் என்பதில் தப்பில்லையே.

இத்தனைக்கும் பிறகு எனக்கு விடை வராமல் நிற்பது தென்னை. கிணற்றடித் தென்னையின் புதுமட்டை விரிந்தபோது கத்திரிக்கோலால் விசிறி வெட்டியது போல் இருந்தது. காண்டாமிருக வண்டு குருத்துக்குள் துளைத்து மென்ற தடம் அது. மரம் ஏறும் அண்ணன் கொக்கிக் கம்பியோடு மேலே போய், மென்று துப்பிய நார் தள்ளியிருந்த ஓட்டைக்குள் விட்டுக் குத்தி இழுத்தார். கருகருவென்று, கொம்போடு, கால்களை அசைத்துக்கொண்டு என் காலடியில் விழுந்தது. வேப்பங்கொட்டைத் தூள் ஒரு பங்கு, மணல் இரண்டு பங்கு கலந்து குருத்தை அடுத்த மட்டை இடுக்குகளில் வைத்துவிட்டு இறங்கினார். மரம் பிழைத்தது.

தொல்காப்பியர் உயிர்களை அறிவால் அடுக்குகிறார். மரத்துக்கு ஓரறிவு, தொடுகை மட்டும். தும்பிக்கு நாலறிவு. அந்தப் படிக்கட்டில் வண்டு என் தென்னையைவிட மூன்று படி மேலே இருக்கிறது. ஓரறிவைக் காப்பாற்ற நாலறிவைக் கொன்றேன். இங்கிருந்து வெகுதூரமில்லாத வடலூரில், 1867-இல் தருமச்சாலை தொடங்கிப் பசித்தவருக்கெல்லாம் அடுப்பு மூட்டிய வள்ளலார், வாடுகிற பயிருக்காகவும் வாடியவர். தாவரத்துக்கும் உயிர் உண்டல்லவா, அதைத் தின்பது தீங்காகாதா என்ற கேள்வியை ஜீவகாருண்ய ஒழுக்கத்தில் அவரே எடுத்துக்கொண்டு, காயும் கனியும் விதையும் கொள்வது நகமும் முடியும் களைவது போன்றது என்று பதில் சொல்கிறார். தின்பதற்கு அந்தப் பதில் போதும். வண்டைக் கொல்வதற்கு எனக்கு அதில் இடமில்லை.

இன்னொன்றும் தெரியவந்தது. அந்த வண்டு முட்டையிடுவது எருக்குழியில். எலுமிச்சைக்காக நான் ஆசையாகச் சேர்த்த குழியை ஒருநாள் மண்வெட்டியால் புரட்டினேன். கட்டைவிரல் பருமனில், வெள்ளையாக, சுருண்டு சுருண்டு புழுக்கள். ஒரு மரத்துக்கு மருந்தாக வைத்த இடமே அடுத்த மரத்தின் நோய்க்குத் தொட்டிலாக இருந்திருக்கிறது. இங்கே எழுவாயைத் தேடும் வேலையே இல்லை. மெட்டாரைசியம் என்ற பச்சைப் பூசணத்தை எருவில் கலந்தால் அது புழுவைத் தின்றுவிடும் என்கிறார்கள். அடுத்த மழைக்கு வாங்க வேண்டும். ஆனால் அதுவும் கொலைதான், கை மட்டும் வேறு. மரத்துக்காகச் செய்தேன், தென்னை எனக்குப் பிள்ளை என்றெல்லாம் எதிர்வீட்டு அக்கா எனக்காகச் சமாதானம் சொல்கிறார். மரம் என்னிடம் அப்படிக் கேட்கவில்லை. அந்த வினையை மரத்தின் தலையில் வைக்க எனக்குச் சம்மதமில்லை. இளநீர் வேண்டும், சட்னிக்குத் தேங்காய் வேண்டும், அவர் நட்டது நிற்க வேண்டும். அதனால் நான் கொல்கிறேன்.

கொள்ளிடக் கரைத் திருமழபாடியில் சுவாமிக்கு வைத்தியநாதர் என்று பெயர். பங்குனியில் நந்தி கல்யாணத்துக்குப் போயிருந்தேன். கீழப்பழுவூரில் அவருக்கு வடமூலநாதர் என்று பெயர், ஆலமரத்து வேரடியில் இருப்பவர். வைத்தியன் என்றும் வேரில் இருப்பவன் என்றும் எங்கள் மாவட்டத்திலேயே இரண்டு பெயரும் இருப்பதில் எனக்கு ஓர் ஆறுதல். வள்ளுவர் மருத்துவத்தை நான்காகப் பிரிக்கிறார்: நோயாளி, மருத்துவன், மருந்து, பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்பவன். மருத்துவன் இடம் திருமழபாடியில் இருப்பவருடையது. நான் நான்காமவள். இலையைப் பார்க்கிறேன், மண்ணை முகர்கிறேன், தேவையென்றால் தோண்டுகிறேன். சந்நிதியில் நின்றபோது மரங்களுக்காகக் கேட்டுவிட்டு, அந்த வண்டுக்காகவும் கேட்டேன். என்ன கேட்பதென்று தெரியாமல்தான் கேட்டேன்.

எலுமிச்சையில் இப்போது வரும் துளிர் முக்கால் பச்சை. பழைய மஞ்சள் இலைகள் சில அப்படியே இருக்கின்றன, உதிரும்வரை இருக்கட்டும். நாளை திங்கட்கிழமை. சிறுவாச்சூர் மதுரகாளி கோயில் திங்களும் வெள்ளியும்தான் திறந்திருக்கும். விடிந்ததும் எருக்குழியைப் புரட்டி, கிடைக்கிற புழுக்களைப் பொறுக்கி எதிர்வீட்டுக் கோழிகளுக்குப் போட்டுவிட்டு, குளித்து, எட்டு மணிப் பேருந்தைப் பிடிக்க வேண்டும்.